பூக் கட்டிய கை

திண்டுக்கல் பக்கம் வாத்தியாராக இருக்கும் தமிழ்மாறன் கோடை விடுமுறைக்கு ஊர் வந்தால், ஒரு சாயங்காலம் மூன்று பேருக்கும் சொந்தம். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் அவனும் ஈஸ்வரபாண்டியும் கர்ணனும். எங்கே போவது, என்ன தின்பது என்பதெல்லாம் பல வருடத்துக்கு முன்னாலேயே முடிவானவை. உத்தமபாளையம் விலக்கில் புரோட்டா, அப்புறம் முல்லையாற்றுப் படித்துறையில் உட்கார்ந்து பேச்சு. ஒன்பது மணிக்கு வீடு.

இரண்டாயிரத்து எட்டு மே மாதத்துக் கடைசி வியாழக்கிழமை அப்படித்தான் போனார்கள். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். ஆனாலும் மேகமலைப் பக்கமிருந்து சாரல் காற்று இறங்க ஆரம்பித்திருந்தது. தமிழ்மாறன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டான்.

"ஏலே, அடுத்த வருசம் நமக்கு நாப்பது. பக்குவம் வந்திருச்சாடா நமக்கு?"

"உனக்குத்தான் சுகர் மாத்திரை வந்திருச்சே. அது போதாதா?" என்றான் கர்ணன்.

"நெசமாத்தான் கேக்குறேன் மாப்ள. முன்னெல்லாம் வகுப்புல ஒருத்தன் பேசுனா சாக்பீஸ எறிவேன். இப்ப எறியுறதில்ல. இது பக்குவமா, இல்ல தோள்பட்டை வலியா, தெரியல."

கர்ணன் வாய்விட்டுச் சிரித்தான். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன்; நாளெல்லாம் குனிந்தே இருந்து பழகியதால் சிரிக்கும்போதும் முதுகு குனியும். "ஈஸ்வரனக் கேளு. நம்மள்ல பக்குவமானவன் அவன் ஒருத்தன்தான். வெள்ளிக்கிழமை தவறாம கோயிலு, திராட்சைத் தோட்டத்துக் கூலியாளுகளுக்கு மோரு, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது."

தன்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் ஈஸ்வரபாண்டிக்குச் சட்டைக்குள் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. பதினைந்து வருடமாக அவன் ஒருத்தனுக்கு மட்டும் தெரிந்த காரணம்.

"அதத்தான் சொல்ல வந்தேன்," என்றான் கர்ணன். அவன் குரல் மாறியது. "நாளைக்குக் காளியம்மன் கோயில்ல பூப்போட்டுப் பாக்கணும் ஈஸ்வரா. நீதான் கட்டணும்."

"என்னத்துக்கு?"

"அனுசுயாவோட சித்தி மக தேவதானப்பட்டியில இறந்துபோச்சுல்ல, அது பிள்ளை. ஒன்றரை வயசு. தகப்பன் திருப்பூருக்குப் போயிட்டான். நம்ம எடுத்து வளப்போம்னு அனுசுயா கேக்குறா. பேரு சிம்ரனாம். அம்மா அந்தப் பேரக் கேட்டே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. கடைசியில, ஆத்தாகிட்டக் கேளு, வெள்ளை வந்தா கூட்டிட்டு வா, செவப்பு வந்தா பேச்ச விட்டுருன்னாக. நானும் சரின்னுட்டேன்."

"செவப்பு வந்தா விட்டுருவியா?" என்றான் தமிழ்மாறன்.

"விட்டுருவேன். அனுசுயாகிட்டயும் சொல்லிட்டேன். அழுதா. ஆனா ஆத்தா சொன்னாச் சொன்னதுதானடா. அன்னைக்கு வெள்ளை குடுத்தா, கல்யாணம் பண்ணுனேன்."



அன்றைக்கு என்று கர்ணன் சொன்னது தொண்ணூற்று மூன்றில். தேவதானப்பட்டியில் பெண் பார்த்துவிட்டு வந்தவன், கட்டினால் அனுசுயாவைத்தான் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அவன் அம்மா மாயக்காளுக்குத் தன் அண்ணன் மகளை எடுக்க ஆசை. பூக்கேட்டுப் பார்ப்போம் என்றாள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒருத்தன் குளித்து, பட்டினியோடு, தனியாக உட்கார்ந்து கட்ட வேண்டும். அம்மன் காலடியில் போட்டதும் ஒரு சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

கட்ட உட்கார்ந்தவன் இருபத்து நான்கு வயது ஈஸ்வரபாண்டி. கோயில் கிணற்றடியில், யாரும் பார்க்காத இடத்தில், கர்ணனின் காய்ந்த முகத்தை நினைத்துக்கொண்டே இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைக் கட்டினான். சிவப்பு அரளியைக் கிணற்றுக்குள் போட்டான். அந்த நேரத்தில் அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. நண்பனுக்குப் பரீட்சையில் விடை காட்டுவது மாதிரிதான் இருந்தது.

அப்புறம்தான் பயம் வந்தது. கல்யாணமாகி வருடங்கள் போயின, பிள்ளை இல்லை. தான் செய்த காரியத்துக்கு அவர்கள் வீட்டில் தண்டனையா என்று பல வெள்ளிக்கிழமை அம்மனிடம் கேட்டிருக்கிறான். இன்னொரு பக்கம், அந்தப் பூதான் அனுசுயாவைக் காப்பாற்றியது. இரண்டாம் கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் மாயக்காள், "அவ ஆத்தா குடுத்த மருமக, நான் என்னத்தச் சொல்ல" என்று வாயை மூடிக்கொள்வாள். செய்தது பாவமா, உதவியா? பதினைந்து வருடத்தில் அவனுக்கு அது விளங்கவே இல்லை.

இப்போது மறுபடியும் கட்டச் சொல்கிறான். சரியாகக் கட்டினால் சிவப்பு வரலாம். ஒரு குழந்தைக்கு வீடு இல்லாமல் போகும். இரண்டும் வெள்ளையாகக் கட்டினால் குழந்தை வரும். அன்று யோசிக்காமல் செய்ததை இன்று யோசித்தே செய்வதா? எது பெரிய மனுஷன் செய்கிற காரியம்?

"தமிழ்மாறன் கட்டட்டுமே," என்றான்.

"நானா? எனக்கு ஷூ நாடாவே கட்ட வராது," என்றான் தமிழ்மாறன்.

"நீதான்டா கட்டணும்," என்று கர்ணன் அவன் தோளில் கை போட்டான். "உன் கை ஆத்தாளுக்குப் பிடிச்ச கை."

அந்த வார்த்தையை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருந்தால் ஈஸ்வரபாண்டி எப்படியாவது மழுப்பியிருப்பான்.

"பிடிச்ச கை இல்லடா," என்றான். "அன்னைக்கு நான் ரெண்டுலயும் வெள்ளையத்தான் கட்டுனேன்."

கர்ணன் சிரித்தான். தமிழ்மாறன் சிரிக்கவில்லை. ஈஸ்வரபாண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கர்ணனின் சிரிப்பும் பாதியில் நின்றது.

"விளையாடாத."

"காளி சத்தியமாடா. செவப்பு கிணத்துக்குள்ள போச்சு."

கர்ணன் தோளிலிருந்து கையை எடுத்தான். "அப்ப ஆத்தா எதுவுமே சொல்லலையா?"

"சொல்ல எங்க விட்டான் இவன்," என்று தமிழ்மாறன் வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீ சரியாக் கட்டியிருந்தா எது வந்திருக்கும்?"

"தெரியல."

"தெரியலன்னா? பதினஞ்சு வருசமா அந்தப் பூவ நம்பி இருக்கேன்டா! அவளோட சண்டை போட்டுட்டுப் படுத்தாக்கூட, ஆத்தா குடுத்தவ, காலைல சரியாயிரும்னு நெனச்சுத்தான் எந்திரிப்பேன். இப்ப வந்து தெரியலங்குற."

"உன் மூஞ்சியப் பாக்க முடியலடா அன்னைக்கு."

"இத்தன நாளா ஏன் சொல்லல? இன்னைக்கு ஏன் சொன்ன?"

சொன்னால் பாரம் குறையும் என்று ஈஸ்வரபாண்டி எண்ணியிருந்தான். குறையவில்லை, கூடின மாதிரிதான் இருந்தது. தன் பாரத்தில் பாதியை எடுத்து நண்பன் தலையில் வைத்துவிட்டோமோ என்று தோன்றியது.

கர்ணன் எழுந்து ஆற்றுக்குள் இறங்கினான். வேட்டி நனைவதைப் பார்க்கவில்லை. முகத்தை மூன்று நான்கு தடவை கழுவினான். திரும்பி வந்து, "வண்டிய எடு" என்றான்.

தமிழ்மாறன் தன் வண்டியில் வந்தவன், விலக்கிலேயே பிரிந்து போக வேண்டும். போகும்போது ஈஸ்வரபாண்டியிடம் மெதுவாக, "அடிச்சான்னா வாங்கிக்க. நான் காலைல வந்து பாக்குறேன்" என்றான். கேலியா நிஜமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஈஸ்வரபாண்டி வண்டியை ஓட்ட, கர்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தான். கரண்ட் போயிருந்தது. அனுமந்தன்பட்டி வரைக்கும் ரோட்டில் ஒரு விளக்கு இல்லை. வண்டி விளக்கும் மங்கல். கர்ணன் அவன் மேல் படாமல் பின்னால் தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாதி தூரம் போன பிறகுதான், "பள்ளம்" என்றான்.

ஈஸ்வரபாண்டி ஒதுக்கினான்.

அப்புறம், "மாடு." அப்புறம் மறுபடியும், "பள்ளம்டா, பாத்து."

ராத்திரியில் ஈஸ்வரபாண்டிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது கர்ணனுக்குத் தெரியும். இவ்வளவு கோபத்திலும் அதை அவன் மறக்கவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்க, அந்த அக்கறை தன்பாட்டுக்கு வேறொரு பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஈஸ்வரபாண்டிக்குக் கண்ணில் நீர் கட்டி, இருந்த பார்வையும் கெட்டது.

வீட்டு வாசலில் அனுசுயா மண்ணெண்ணெய் விளக்கோடு நின்றாள். "வாங்கண்ணே. நாளைக்கு நீங்கதான் கட்டுறீகளாம்ல. பட்டினியா இருக்கணும், மறந்துராதீக," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. திரியை மட்டும் காரணமில்லாமல் ஏற்றி இறக்கினாள்.

இப்போது கர்ணன் சொல்லிவிடுவானோ என்று ஈஸ்வரபாண்டி வண்டியை அணைக்காமலே இருந்தான்.

கர்ணன் வண்டியிலிருந்து இறங்கி, நனைந்த வேட்டியைப் பிழிந்தான். "பூப் போட வேணாம் அனுசுயா," என்றான்.

அவள் முகம் அப்படியே விழுந்தது. "அத்தை வேணாம்னுட்டாகளா?"

"அவுக ஒண்ணும் சொல்லல. நான்தான் வேணாங்குறேன். பிள்ளைய எடுக்கலாமா வேணாமா, நீ சொல்லு."

"நானா?"

"நீதான்."

அவள் அவனையும் ஈஸ்வரபாண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பூக் கேட்டபோது இவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது ஈஸ்வரபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பூவைக் கிணற்றில் போட்டோமே என்று இத்தனை வருடம் புழுங்கியவனுக்கு, இப்படி ஒருத்தி இருக்கிறாள், அவளையும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பது தோன்றவே இல்லை.

"எனக்கு வேணும்," என்றாள் அனுசுயா. சொன்னது தன் குரல்தானா என்று பார்க்கிறவள் மாதிரி, "அந்தப் பிள்ளை எனக்கு வேணும்" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

உள்ளேயிருந்து மாயக்காளின் குரல் வந்தது. "ஏய்யா கர்ணா, பூவுக்குச் சொல்லிட்டியா?"

"பூக் கேக்கலம்மா. பிள்ளையக் கூட்டிட்டு வரப் போறோம்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?"

ஆத்தா பேச்சை மீறக் கர்ணனுக்குத் துணிச்சல் கிடையாது. ஆத்தா என்ன பேசினாள் என்பதும் இனிமேல் தெரியாது.

"கோயிலுக்குப் போயிட்டுத்தான் அத்தே போவோம்," என்றாள் அனுசுயா. "கேக்குறதுக்கு இல்ல. சொல்லிட்டு வர்றதுக்கு."

உள்ளே கட்டில் மறுபடியும் கிறீச்சிட்டது. சம்மதமா, கோபமா, எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம்.

ஈஸ்வரபாண்டி வண்டியைத் திருப்பினான். கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை. கர்ணன் தெருவரைக்கும் வந்து, கைப்பிடியில் கை வைத்து நிறுத்தினான். இருட்டில் முகம் தெரியவில்லை.

"காலைல வெள்ளன வந்துரு. குளிச்சிட்டு வா."

"நான் எதுக்குடா? பூத்தான் கட்டலையே."

கர்ணன் கைப்பிடியை விட்டான்.

"தெரியலடா," என்றான். "வந்துரு."