இணைச்சீருக்கு யார் நிற்பது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புதுச்சத்திரத்தில் சின்னண்ணன் வீட்டு டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் ஆறு பேர். சின்னண்ணன் நாற்காலியில். கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் கண்ணுசாமி, விருந்தாளி என்பதால், மின்விசிறிக்கு நேர் கீழே சோபாவில். அவருக்குப் பக்கத்தில், இன்னும் பத்து நாளில் மாப்பிள்ளையாகப் போகிற, சின்னண்ணனின் மகன் நவீன்குமார். அவன் அம்மா சுப்பம்மாளும் அவள் தங்கை அத்தாயியும் கீழே பாயில், சின்ன வெங்காயம் உரித்தபடி. நவீன்குமாரின் அக்கா பாவாயி மட்டும் சமையலறை வாசலில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக. லாரியோடு போன அவள் புருசன் விபத்தில் இறந்து ஆறு வருடம். அதிலிருந்து பிறந்த வீட்டில் இருக்கிறாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து ஆபீசில் எழுத்தர் வேலை.

கிராமத்துக் குடும்பப் படம். அதில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா விதவை என்பதால் அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, இணைச்சீருக்கு வேறொருத்தியை நிற்க வைக்கிறார்கள். கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவன் கூடப் பிறந்தவளும் பிடித்துக்கொள்ள நடக்கும் சீர் அது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தம்பி கல்யாணத்தில் கிடைக்கிற மரியாதை அது ஒன்றுதான். பாவாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"அட, அந்தப் புள்ளையக் கூப்புட்டு நிக்க வைங்கடா, பாவிகளா," என்று சுப்பம்மாள் டிவியைத் திட்டினாள்.

அவள் சொன்னதைக் கேட்டவன் போலப் படத்து மாப்பிள்ளை எழுந்து போய், அக்காவின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தான். அத்தாயி முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். அருமைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நவீன்குமாருக்கும் கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட முடியாத தூரத்தில் அவன் இருந்தான்.

விளம்பரம் வந்தது.

"அப்ப நம்மூட்டுல இணைச்சீருக்கு நாந்தான நிக்கறேன்?" என்றாள் பாவாயி.

சின்னண்ணன் ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்தார். அத்தாயியின் மகள் ரஞ்சிதா தங்கை முறை என்று அவளை நிற்க வைக்க முடிவு செய்து, சேலை எடுத்து, ரவிக்கையும் தைத்தாகிவிட்டது. பாவாயிக்கு அது தையற்கடைக்காரி சொல்லித்தான் தெரியும்.

"அது சினிமா, சாமி," என்றாள் சுப்பம்மாள் கடைசியில்.

"சினிமாவுக்குத்தான் இத்தன அழுகையாம்மா?"

பிறகு பேச்சு ஒவ்வொருவராகக் கை மாறியது. சின்னண்ணனுக்கு ஆட்சேபணை இல்லை. இது பொம்பளைகள் சமாச்சாரம். சுப்பம்மாளுக்கும் இல்லை, பெற்ற மகள் நிற்க வேண்டாமென்று அவள் சொல்வாளா, அருமைக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டாமா. அருமைக்காரர் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். தான் முறைப்படி செய்கிறவன்; இரண்டு வீட்டாரும் சம்மதித்தால் தனக்கென்ன என்றார்.

"நீயென்ன மண்டபத்துக்கு வராமயா போற, கண்ணு? தாலி கட்டி முடிஞ்சதும் வந்து, பந்தியில மகராசியா உக்காந்து சாப்புடு," என்றாள் அத்தாயி. ஆறுதலாகத்தான் சொன்னாள்.

பாவாயி தம்பியைப் பார்த்தாள். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த விண்ணப்பம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலைக்குப் போட்ட மனு, பெண் தேடிக் கொடுத்தனுப்பிய குறிப்பு, எல்லாம் அவள் கையெழுத்து. அந்தக் கை எழுதலாம். சேலை முனையைப் பிடிக்கக் கூடாது.

"எனக்கு ஒன்னுமில்லக்கா," என்றான் அவன், செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "பொண்ணூட்டுல என்ன நெனைப்பாங்களோன்னுதான்."

"கேட்டியா?"

"இதப் போயி எப்பிடிக்கா கேக்கறது?"

விளம்பரம் முடிந்தது. சின்னண்ணன் சத்தத்தைக் கூட்டினார். மேடையில் அக்கா சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுப்பம்மாள் மறுபடியும் அழுதாள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புமுன், ஜேடர்பாளையத்துக் கல்யாணப் பெண் சரிதாவுக்குப் பாவாயி கடிதம் எழுதினாள். ஆபீஸ் பழக்கத்தில் எண் போட்டே எழுதினாள்.

'அன்புள்ள சரிதாவுக்கு, நலம், நலமறிய ஆவல்.

1. உன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு எங்கள் சின்னம்மா மகளை நிறுத்துகிறார்கள். கூடப் பிறந்தவள் நான். புருசன் இல்லை என்பதால் விலக்கியிருக்கிறார்கள்.

2. இங்கே யாருக்கும் ஆட்சேபணை இல்லையாம். உங்கள் வீட்டார் மனம் கோணுமாம். ஆனால் உங்களை யாரும் கேட்கவில்லை.

3. ஆகவே நான் கேட்கிறேன். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா? இல்லையென்றால் நான் நிற்பேன். உண்டு என்றால், யாருக்கு என்று பெயரோடு எழுது. ஒருவராவது அதைத் தன் வாயால் சொல்லட்டும்.'

உறைக்குப் பசை தடவும்போது சுப்பம்மாள் வந்து, எழுதியிருந்த விலாசத்தைப் படித்துவிட்டாள்.

"பொண்ணூட்டுக்கா எழுதற? கண்ணாலம் நின்னு போச்சுன்னா என்ன பண்றது?"

"நீங்க யாருமே வேண்டாங்கலியேம்மா. அவிங்களும் வேண்டாங்கலீன்னா, அப்பறம் கண்ணாலம் எதுக்கு நிக்கோணும்?"

சுப்பம்மாள் உறையை நோக்கிக் கை நீட்டினாள். பிடுங்க மனம் வரவில்லை. பாவாயி ஒட்டிய இடத்தை விரலால் ஒரு முறை அழுத்தி நீவினாள். அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, அதன் கீழே 'மாப்பிள்ளையின் கூடப் பிறந்த அக்கா' என்று சேர்த்தாள்.

தபால் ஆபீசில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். ஸ்பீடு போஸ்ட் என்றால் நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்றார்.

"அதுலயே போடுங்க," என்றாள் பாவாயி. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.