சூடில்லாமல் காய்ந்த தயிர்

கொதிக்கிற எதிலும் கை வைத்தால் வெந்துபோகும். பாய்லரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கா இது தெரியாது? அதனால்தான் அக்கா எங்கள் தயிர் ஆலையில் தான் அமைத்த எஃகுத் தொட்டியைக் காட்டி, "உள்ள தண்ணி கொதிச்சுப் போகும், ஆனா உன் உடம்புச் சூடுதான் இருக்கும்" என்றபோது எரிச்சல் வந்தது.

"காலங்காத்தால காதுல பூ சுத்தாதே."

"உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சிட்டா, தண்ணி ஆவியாக அவ்வளவு சூடு வேணாம்டா."

முதலாளிக்கும் நம்பிக்கை போய்விட்டது. தயிரைத் தெளித்துத் தூளாக்கலாம். அந்தத் தூளைப் பாலில் போட்டால் பால் உறைய வேண்டுமே! இதுவரை வந்ததெல்லாம் செத்த தூள். தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிர்கள் சூட்டில் போய்விடும். இன்றும் உறையாவிட்டால் சாயங்காலமே தொட்டியை வெட்டி இரும்புக்கடைக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். அக்கா சோறு தண்ணி மறந்து மல்லுக்கட்டிய தொட்டி அது. இந்த முறை காற்றுக் கசிவை அடைத்து, சூட்டை இன்னும் குறைத்திருந்தாள்.

காற்றை உறிஞ்சும் பம்ப் உறுமியது. கண்ணாடிச் சன்னலுக்குள் தயிர் புகையாகச் சீறியது. கீழே விழுவதற்குள் காய்ந்து தூளாகிவிட்டது. வாயைப் பிளந்தபடி தொட்டியைத் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

காய்ச்சி ஆற வைத்த பாலை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் மட்டும் தூளைக் கலந்தாள். இரண்டையும் பாய்லர் அறைத் தட்டில் வைத்தோம். நான் பாய்லர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினேன்.

"கிட்ட வைக்காதே, கொன்னுடுவே!"

அன்று முழுக்க அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். என் பாய்லர்மேல் எனக்கே பயம் வந்தது அன்றுதான்.

சாயங்காலம் முதலாளி வந்தார், பின்னாலேயே கேஸ் கட்டரோடு ஓர் ஆள். முதலாளி கைக்கு வந்த கிண்ணத்தை எடுத்துச் சாய்த்தார். பால் அவர் செருப்பில் கொட்டியது.

"அது தூள் போடாதது சார்!" அக்கா கத்தினாள். "அது உறையவே கூடாது. இன்னொண்ணை எடுங்க!"

எடுத்தார். சாய்த்தார். அசையவில்லை. இன்னும் சாய்த்தார். பிறகு தலைகீழாகவே கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

காலையில் நான் தும்மியிருந்தால் பறந்திருக்கும் அந்தத் தூசு. அதற்குள் உயிர் இருந்திருக்கிறது. பால் கிடைத்ததும் எழுந்து வேலை பார்த்திருக்கிறது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முதலாளி கவிழ்த்த கிண்ணத்தை நிமிர்த்தத் தோன்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வெட்ட வந்தவர், யாரும் சொல்லாமலே, குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.