நீலக் கோப்பையில் விட்ட சொட்டு

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம், பேச்சு கிடையாது. முகராமல், நக்கிப் பார்க்காமல் அவள் நம்பி வாயில் வைப்பது ஒன்றே ஒன்றுதான்: நீலக் கோப்பையில் வெதுவெதுப்பான பால்.

கொஞ்ச நாளாகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறாள். வகுப்பில் ஒரு பிள்ளையைக் கடித்தும் விட்டாள். "மருந்து குடுத்து அனுப்புங்க, இல்லேன்னா வீட்லயே வச்சுக்குங்க" என்று தலைமையாசிரியை முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். அந்தத் தலைமையாசிரியையின் நாக்குக்கு ஒரு மருந்து இருந்தால் நானே வாங்கித் தருவேன்.

டாக்டர் ஒழுங்காகத்தான் பேசினார். "இது ஆட்டிசத்தைக் குணப்படுத்தாதும்மா. இந்த மூர்க்கம் குறையலாம், அவ்வளவுதான். எடை ஏறும், தூங்கி வழியலாம். முதல்ல பல் டாக்டர்கிட்ட காட்டுங்க, பல்வலியாக்கூட இருக்கலாம். அப்பவும் அடங்கலேன்னா ஆரம்பிங்க" என்று சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். பல் டாக்டரிடம் வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது.

அதுவரை என் கணவருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அக்கா வேறு வந்து உட்கார்ந்து தூபம் போட்டாள். "பால்ல ரெண்டு சொட்டு விட்டா யாருக்குடா தெரியப் போகுது? இவகிட்ட கேட்டா ஊரைக் கூட்டுவா."

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தேன். சமையல் மேடையில் மருந்து பாட்டில் திறந்து கிடந்தது. மகள் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கோப்பையை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நல்லதுக்குத்தான்டி. ஏன் கத்துற?" என்றார் கணவர்.

மகள் கோப்பையை எடுத்துப்போய் அவர் உதட்டில் அழுத்தினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் அழுத்தினாள். சட்டையெல்லாம் பால்.

"குடிங்க. நல்லதுன்னு சொன்னீங்கல்ல!" என்றேன்.

"உனக்கென்ன கிறுக்கா? அது அவ மருந்து" என்றாள் நாத்தனார்.

அவர் வாயைத் திறக்கவே இல்லை. மகள் மிச்சப் பாலைத் தொட்டியில் கொட்டினாள். கோப்பையைக் குப்பையில் போட்டாள். எனக்கு அந்த இரண்டு பேரையும் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது.

வியாழக்கிழமை சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். அறைவது நின்றது. பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள்.

அதே நீலத்தில் புதுக் கோப்பை வாங்கினேன். அவள் கண்ணெதிரிலேயே பாக்கெட்டை வெட்டி, காய்ச்சி, ஆற்றிக் கொடுத்தேன். முகர்ந்தாள். என் உதட்டில் வைத்து அழுத்தினாள். மடமடவென்று பாதியைக் குடித்துக் காட்டினேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோப்பையை என் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.