மரத்தூள் பூசிய லாரன்ஷியன்

அக்டோபர் கடைசி சனிக்கிழமை வந்தால் ரொலான் தன் மரச்சாமான் கடையை மத்தியானமே பூட்டிவிடுவார். கட்டில் வேண்டும், பீரோ வேண்டும் என்று வருகிறவர்கள் திங்கட்கிழமை வரட்டும். அன்றைக்கு அவருடைய நீல நிற லாரன்ஷியன் காருக்கு எண்ணெய்க் குளியல்.

லொரான்சோவின் ஒர்க்‌ஷாப்பில் காரை மேலே தூக்கி, அடிவயிறு முழுக்க எண்ணெய் பீய்ச்சுவார்கள். கதவுக்குள், சட்டத்துக்குள், ஒரு சந்து பொந்து விடமாட்டார்கள். பிறகு எண்ணெய் சொட்டச் சொட்ட வயல்களுக்கு நடுவே போகும் நாலாம் வரிசை மண்சாலைக்கு ஓட்டிப்போய், புழுதி பறக்க இரண்டு தடவை போய்வர வேண்டும். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து, அடுப்படிப் பிசுக்கு மாதிரி தகரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பனி உருக முனிசிபாலிட்டிக்காரன் ரோட்டில் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் கவலையில்லை. இருபத்தைந்து குளிர்காலத்தை அந்தப் பிசுக்குதான் கடத்தியது. அவருடைய ஊரான ரோபர்வாலில் அதே வருஷம் அதே கார் வாங்கிய மற்ற ஆறு பேரும் தங்கள் வண்டியை எப்போதோ துருவாகக் கூட்டி அள்ளிவிட்டார்கள்.

பனிக்காலத்தில் காரை உள்ளே போட்டுத் தூங்கவைக்கச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. ரொலான் மறுத்துவிட்டார். அவருக்கும் லுசெத்துக்கும் கல்யாணம் நடந்தது 1962 ஜனவரி இருபது. பக்கத்து ஊர் சேன் ப்ரீம் கோயிலிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது இந்தக் கார். ஒவ்வொரு ஜனவரி இருபதும் அதே காரில் அதே கோயிலுக்குப் போய்வருவது என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள். பேசினால் பேசினதுதான்.

கல்யாணத்தன்று வண்டி ஓட்டியவன் லுசெத்தின் தம்பி காஸ்தோன். அப்போது பத்தொன்பது வயசு. இப்போது ட்ராக்டர் விற்கிறான். பழைய கார் ஏழு வைத்திருக்கிறான். ஏழும் வெயில் காலத்தில் மட்டும் வெளியே தலைகாட்டும். எட்டாவதாக லாரன்ஷியன் மேல் அவனுக்குக் கண். 1986 கோடையில் மீண்டும் ஆரம்பித்தான்.

"அத்தான், இது காரா, கருவாடா? வருஷா வருஷம் உப்புல ஊறப்போடறீங்களே. எங்கிட்ட குடுங்க, போர்வை போத்தி வெச்சுக்கறேன்."

"போர்வை போத்தறதுக்கு அது என்ன பொணமா மச்சான்?"

"சரி, பந்தயம். வர்ற ஜனவரி இருபது காலைல நான் அடியில படுத்து ஸ்க்ரூடிரைவரால குத்துவேன். எங்கயாவது பொத்துக்கிட்டுப் போச்சுன்னா வண்டி எனக்கு. போகலைன்னா ஆயுசுக்கும் கேக்க மாட்டேன்."

ரொலான் ஒரு முக்காலியைக்கூட நிபந்தனை இல்லாமல் விற்றவரில்லை. "நான் தோத்தா, நான் சொல்ற ஒரு விஷயத்துக்கு நீ கட்டுப்படணும்."

"என்ன விஷயம்?"

"தோத்தாத்தானே அது வேணும்? அப்ப சொல்றேன்."

கைகுலுக்கினார்கள்.

அக்டோபர் கடைசியில், எண்ணெய் சொட்டும் காருடன் நாலாம் வரிசைக்குத் திரும்பிய ரொலான் பிரேக்கை மிதித்தார். எதிரே கறுப்பாக, பளபளவென்று தார். கோடையில் போட்டிருக்கிறார்கள். புழுதி என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்ற மண்சாலைகளெல்லாம் வெள்ளிக்கிழமை பெய்த முதல் பனியில் சேறாகிக் கிடந்தன.

ஆனால் அவர் மரச்சாமான்காரர். கடைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக மரத்தூள் கிடந்தது. அதுவும் தூள்தானே? காரை ஜாக்கியில் ஏற்றி, மல்லாந்து படுத்து, கை கையாக அள்ளி அப்பினார். எட்டிப் பார்த்த லுசெத் சிரித்தாள்.

"ஏ மனுஷா, மீன் வறுக்கப்போறியா? இப்படி மாவு தடவறே!"

"சிரி சிரி. உன் தம்பி மூஞ்சியை ஜனவரியில பாரு."

ஜனவரி இருபது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. லொரான்சோவின் சூடான ஒர்க்‌ஷாப்பில் காஸ்தோன் அட்டையை விரித்து அடியில் நுழைந்தான். டங். டங். டங். ஒவ்வொரு சத்தத்துக்கும் ரொலானின் கழுத்து ஒரு விரற்கடை நிமிர்ந்தது. முன்பக்கம், லுசெத் உட்காரும் இடத்துக்குக் கீழே வந்தபோது சத்தம் வரவில்லை.

காஸ்தோன் வெளியே வந்தான். கையில் ஈரமான, பழுப்பு நிறக் கூழ் ஒரு பிடி. "அத்தான்... மரத்தூள் உப்புத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுத் தகரத்தோட ஒட்டவெச்சிருக்கு."

முப்பது வருஷமாக "ஈரம் படாம பாத்துக்குங்க, மரம் தண்ணியைக் குடிச்சிடும்" என்று சொல்லிச் சொல்லி மேஜை விற்றவர் ரொலான். கூழை வாங்கி முகர்ந்தார். சாவியை நீட்டினார்.

ஜெயித்தவன் சிரிக்கத்தான் நினைத்தான். சிரிப்பு வரவில்லை. "அத்தான், வேணும்னா அடுத்த வருஷம்..."

"புடி மச்சான். பேசினா பேசினதுதான். இப்ப என் விஷயத்தைக் கேளு. ஜனவரி இருபது அன்னிக்கு, வருஷா வருஷம், எங்க ரெண்டு பேரையும் இதுல சேன் ப்ரீம் கூட்டிட்டுப் போய்வரணும். இன்னியிலேர்ந்து."

"உப்பு ரோட்டுலயா!"

"கடற்கரைக்கா போகப்போறோம்?"

காஸ்தோன் அந்த ஊர் வழக்கப்படி திருக்கிண்ணம், நற்கருணைப் பேழை என்று கோயில் சாமான் ஒவ்வொன்றின் பேரையும் சொல்லித் திட்டினான். திட்டிக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.

முன்னிருக்கைக்குக் கீழே ஓட்டை. ஆகவே ரொலானும் லுசெத்தும் பின்னால் ஏறினார்கள். அவருக்கு அந்த இருக்கையின் மெத்தை புதுசாக இருந்தது. கல்யாணத்தன்று உட்கார்ந்தது, அதற்கப்புறம் ஸ்டியரிங்கை விட்டு அவர் நகர்ந்ததே இல்லை. ஏரிக்கரை ரோட்டில் பனிப்பொடி ஓட்டை வழியாகக் கிளம்பி, காலடியில் சுழன்றது. கல்யாணத்தன்றும் பின்னிருக்கைவரை ஹீட்டரின் சூடு எட்டவில்லை. நனைந்த வெள்ளைச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுப்பெண் தன் கால்களை அவருடைய கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"கால் மரத்துப்போச்சு," என்றாள் லுசெத். பூட்ஸைக் கழற்றினாள். அவர் கோட்டுப் பொத்தானை அவிழ்த்தார்.

கண்ணாடியில் காஸ்தோனின் கண் தெரிந்தது. "பின்னாடி என்ன நடக்குது?"

பத்தொன்பது வயசிலும் இதையேதான் கேட்டான். அன்றைக்குச் சொன்ன பதிலையே லுசெத் சொன்னாள்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுடா."