பெப்ரவரி பத்தும் நவம்பர் ஒன்றும்

புகைப்படக் கழகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் உறுப்பினர்களின் படங்களைப் பெயர் சொல்லாமல் திரையில் காட்டி விமர்சிப்பார்கள். அன்று சத்தியபாமாவின் கடற்கரைப் படம் வந்தது. நடுவராக இருந்த நோர்வேக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"வானம் பாதி, கடல் பாதி. நான் எங்கே பார்ப்பது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். தன்னுடையது என்று தெரிந்துவிடக்கூடாதென்று சத்தியபாமாவும் சிரித்து வைத்தாள்.

வெஸ்ட்லி என்ற இடத்திலிருந்த தன் வீட்டுக்கு வந்ததும் கணவன் பிலேந்திரனுக்கு அதே படத்தைக் கணினியில் காட்டினாள்.

"வடிவாத்தானே கிடக்கு?" என்றான் அவன்.

"வடிவுதான். ஆனா அந்த மனுசன் கேட்டதிலை பிழையில்லை. போனன், வெளிச்சம் நல்லாக் கிடந்துது, பொத்தானை அமத்திப்போட்டு வந்தன். ஒண்டும் யோசிக்கேல்லை."

முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவளுக்கு வேலை. ஐம்பது பேருக்கு மதியச் சாப்பாடு போடுகிறவள் முதல்நாளே திட்டம் போடாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். படத்துக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

2008 ஜனவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கமரா இல்லாமலே ஹூக் கடற்கரைக்குப் போனாள். மூன்றாவது முறைதான் ஒரு பாறை கண்ணில் பட்டது. அதன் நடுவே நீண்ட வெடிப்பு ஒன்று. அதில் நின்ற தண்ணீர் உறைந்து, ஒரு பாதை மாதிரிக் கடலை நோக்கி ஓடியது. முழங்காலை ஊன்றிப் பார்த்தால் அந்தப் பாதை எதிர்க்கரை மலைகளிலிருந்த ஒரு பள்ளத்தில் போய் முட்டியது. சூரியன் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால் பனிக்கட்டி முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். வாரத்துக்கு வாரம் சூரியன் எவ்வளவு வலப்பக்கம் நகர்கிறதென்று திசைகாட்டியால் பார்த்து வைத்திருந்தாள். பெப்ரவரி பத்து என்று கணக்கு வந்தது.

இதைக் கழகத்தில் ஒருவரிடம் மட்டும் சொன்னாள். கோயம்புத்தூரிலிருந்து நோர்வேக்குக் கணினி வேலைக்கு வந்து, லில்லெஸ்ட்ரோம் நகரில் தனியாக இருந்த அருட்செல்வம். "நானும் வரலாமா மேடம்?" என்று அவன் கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பத்தாம் திகதி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் போய்ச் சேரும்போது அருட்செல்வம் பாறையில் ஏறி, வெடிப்பின் இரு பக்கமும் கமரா முக்காலியை ஊன்றியிருந்தான். பனிக்கட்டியில் அவனுடைய சப்பாத்து அடையாளம்.

"தம்பி, அது நான் பாத்து வைச்ச இடமெல்லே!"

"ஐயோ, சாரி மேடம். லைட் எப்படி இருக்குன்னு பார்த்தேன்..." அவசரமாக விலகியவன் வழுக்கி விழுந்தான். ஒரு கால் மடங்கி, கடல் தண்ணீருக்குள் போய்விட்டது.

சூரியன் மறையப் பதினைந்து நிமிடம் இருந்தது. "நீங்க எடுங்க மேடம், நான் இப்படியே உக்காந்திருக்கேன்" என்றான் அவன். உதடு நீலம் பாரித்திருந்தது. சத்தியபாமா ஒருமுறை பள்ளத்தைப் பார்த்தாள், ஒருமுறை அவன் காலைப் பார்த்தாள். பிறகு கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, தன் சால்வையை அவன் காலில் சுற்றி, அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். வழியில் திரும்பினாள். சூரியன் சரியாக அந்தப் பள்ளத்துக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் பிழைத்திருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் பார்த்து, கால் எலும்பில் சின்ன வெடிப்பு என்றார்கள். கட்டுப் போட்டு முடியும்வரை அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"ஒருக்காச் சொன்னாக் காணும், தம்பி" என்றாள் அவள். ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கமராப் பையைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் வேலையில் உருளைக்கிழங்கு சீவும்போது கத்தி நின்றது. வலப்பக்கம் போகிற சூரியன் கோடை முடிய அதே பள்ளத்துக்குத் திரும்பி வரத்தானே வேண்டும்! இடைவேளையில் அருட்செல்வத்துக்குப் போன் எடுத்தாள். காலில் கட்டோடு வீட்டில் இருந்தவன் கணக்குப் போட்டு மாலையே கூப்பிட்டான்.

"நவம்பர் ஒண்ணு, அக்கா. சனிக்கிழமை. மணி நாலு இருபது."

நவம்பர் ஒன்றாம் திகதி மூவரும் போனார்கள். பிலேந்திரன் தேத்தண்ணிப் போத்தலோடு வந்தான். வெடிப்பில் பனிக்கட்டி இல்லை. மழைத்தண்ணீரும் அதில் மிதந்த மஞ்சள் இலைகளும்தான். வானம் மூடிக் கிடந்தது. அருட்செல்வம் இருபதடி தள்ளி நின்று, "இங்க நிக்கலாமாக்கா?" என்று கேட்டான்.

நாலு பதினைந்துக்கு மலைக்கு மேலே முகில் விலகியது. அவளுடைய முழங்காலடியிலிருந்து கடல்வரைக்கும் தண்ணீர் பொன்னாகிப் போனது. வானத்தை ஒரு கீற்றளவுக்குக் குறைத்து, இலைகளைக் கீழே முன்னால் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு தடவை அமத்தினாள். கமராவின் திரையில் பார்த்தாள். நினைத்த படம் இல்லை; அதைவிட நல்லதாக இருந்தது.

"தம்பி, ஓடி வாங்கோ! இன்னும் வெளிச்சம் நிக்குது, நீங்களும் ஒண்டு எடுங்கோ."

"நான் கேமராவே கொண்டு வரலக்கா. மறுபடியும் ஏதாவது கெடுத்துடுவேனோன்னு..."

"என்ன கதை இது?" சத்தியபாமா எழும்பி, கழுத்திலிருந்த வாரைக் கழற்றித் தன் கமராவை அவன் கையில் வைத்தாள். "இதிலை முழங்காலை ஊண்டுங்கோ. பாத்து, வழுக்கும்."