வலப்பக்கம் இழுக்கும் விமானம்

தேவராஜின் விமானம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ஓடுபாதையில் நேராகத்தான் கிளம்பும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் வலப்பக்கமாக நழுவி, ஓரத்துப் புல்லில் போய் நின்றுவிடும். கம்ப்யூட்டர் விமானம்தான், யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஐதராபாத் அல்வாலில், அந்த இரண்டாவது மாடி ஃபிளாட்டில், அவன் மனைவி சுமலதாவுக்குப் பொறுமை அடியோடு போய்விட்டது.

எல்லாம் மேசைக்கு அடியில் கிடந்த அந்தப் பெடல்களால் வந்த வினை. அமெரிக்காவிலிருந்து ஆபீஸ் நண்பன் ஒருவன் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பக் காலால் தள்ளும் ரட்டர் பெடல். இடதை முன்னே தள்ளினால் வலது தானாகப் பின்னால் வரும். இரண்டும் சமமாக நின்றால் விமானம் நேராகப் போக வேண்டும். இது போகிற வழியாகத் தெரியவில்லை.

சுமலதாவின் தலைவலி வேறு. அவள் கம்பெனியில் அவளை அமெரிக்காவில் மின்னியாபோலிஸுக்கு இரண்டு வருஷம் அனுப்புகிறோம் என்றிருந்தார்கள். ஞாயிறு ராத்திரிக்குள் மெயிலில் பதில் சொல்ல வேண்டும். தேவராஜ் கூட வந்தால் அங்கே அவன் வேலை பார்க்க முடியாது, அவள் சம்பளத்தில் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். வராவிட்டால் இரண்டு வருஷம் ஆளுக்கொரு தேசம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை; சொன்னதும் போ என்றோ போகாதே என்றோ அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். அந்த வாயோ மேசைக்கு அடியில் இருந்தது.

"ஏங்க, ஒரு விசயம் பேசோணும்" என்று வெள்ளிக்கிழமையே ஆரம்பித்தாள்.

"அஞ்சு நிமிசம் சுமா. இதைச் சரி பண்ணிட்டு வந்தர்றேன்."

அந்த அஞ்சு நிமிஷம் சனிக்கிழமை முழுவதும் நீண்டது. பெடலின் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். ஒயரை ஒரு ஓட்டையிலிருந்து பிடுங்கி இன்னொரு ஓட்டையில் செருகினான். பெடலைக் கழற்றி, காது குடையும் பட்ஸால் உள்ளே துடைத்தான். ஹாலில் விரித்த பேப்பர் மேல் ஸ்க்ரூக்கள் கிடந்தன, அதில் ஒன்று அவள் குதிகாலில் ஏறியது. செகந்திராபாத் கடைக்காரனுக்குப் போன் போட்டதற்கு அவன், "ஹவ் சாப், விண்டோஸ் நயா டாலோ" என்று சொல்லிவிட்டான். எவனோ சொன்னான் என்று இந்த மனுஷனும் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டான். விமானம் மட்டும் வஞ்சனையில்லாமல் வலப்பக்கமே போனது.

ஞாயிறு மதியம் அவள் கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். இன்றைக்கு ஒரு முடிவு தெரியாமல் நகரக் கூடாது என்ற வைராக்கியம். ஹக்கிம்பேட்டைப் பக்கமிருந்து நிஜ விமானம் ஒன்று ஜன்னல் அதிர வீட்டுக்கு மேலே போயிற்று. அது நேராகத்தான் போனது, அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

தேவராஜ் மறுபடியும் அளவு சரிபார்க்கும் திரையைத் திறந்தான். பெடலை நடுவில் விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்னது திரை. அவன் வலது காலை மடக்கி நாற்காலி மேல் போட்டுக்கொண்டு, இடது காலைப் பெடல் மேல் வைத்தபடி, நிம்மதியாகப் பொத்தானை அழுத்தினான். சாப்பாட்டு மேசையிலும் இப்படித்தான், கல்யாண ஆல்பத்தில் சோபாவிலும் இப்படித்தான். எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கால் மேலே ஏறிவிட வேண்டும்.

"அந்தக் காலைக் கீழ போடுங்க!"

"ஏன்?"

"ஒத்தக் காலை மட்டும் அதுமேல வெச்சா அது முன்னால போகாதா? அதைத்தான் நடுன்னு நெனச்சுக்கும். ரெண்டு காலையும் எடுத்துட்டு அழுத்துங்க."

எடுத்துவிட்டு அழுத்தினான். விமானம் கோடு கிழித்த மாதிரி ஓடுபாதையின் நடுவே ஓடி, ஆடாமல் அசையாமல் மேலே எழும்பியது. இரண்டு நாள் சனியன் ஒழிந்தது என்று சுமலதாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. "அப்பாடா. இப்ப நான் சொல்றதைக் கேக்கறீங்களா?"

தேவராஜ் விமானத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு அந்தத் திரையை மறுபடி திறந்தான். வலது காலை மடக்கி மேலே போட்டான். இடது காலைப் பெடல் மேல் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

அவளுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் கதவை விட்டு மேசைக்கே வந்துவிட்டாள்.

"வேணும்னேதான் பண்றீங்க."

"இது சரியாயிட்டா நீ கேப்ப" என்றான், திரும்பாமலேயே.

"நான் என்ன கேக்கப்போறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அமெரிக்காதானே?"

"யாரு சொன்னா?"

"வெள்ளிக்கிழமை காலைல கண்ணாடி முன்னால ஸ்வெட்டர் போட்டுப் பாத்துட்டிருந்தியே. மே மாசத்துல ஐதராபாத்ல யாரு ஸ்வெட்டர் போடுவா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தாலும் கோபம்தான் முந்திக்கொண்டது. "தெரிஞ்சுக்கிட்டேவா ரெண்டு நாளா என்னை இந்தப் பாடு படுத்துனீங்க?"

இப்போதுதான் திரும்பினான். இரண்டு நாள் தாடி, கண்ணெல்லாம் சிவப்பு.

"நீ கேட்டா நான் போன்னுதான் சொல்லோணும். வேற என்ன சொல்லமுடியும், உன் படிப்புக்கும் வேலைக்கும்? சொல்லியிருந்தா வெள்ளிக்கிழமையே நீ பாதி போயிருப்ப. துணி எடுக்கறது, ஊருக்குப் போன் பண்றதுன்னு ஆரம்பிச்சிருப்ப. கேக்காததனால ரெண்டு நாள் சும்மா எங்கூட இருந்த."

"எங்கங்க கூட இருந்தேன்?" அவள் குரல் மொத்த அபார்ட்மென்ட்டுக்கே கேட்டிருக்கும். "ரெண்டு நாளும் உங்க முதுகைத்தானே பாத்துட்டிருந்தேன்!"

அந்தக் கணக்கை அவன் போட்டுப் பார்க்கவே இல்லை என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. அவளுக்குப் பரிதாபமாக இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

"எந்திரிங்க. போறேன்னு மெயில் அனுப்போணும்."

தேவராஜ் எழுந்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"இப்பவேயா?" என்றான்.

"இப்பவேதான்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.