பத்தொன்பது நாள் தாண்டிய சேமியா

...பத்தொன்பது நாள், பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமலே இருந்திருக்கலாம், பார்த்துவிட்டேன், இரண்டு பாக்கெட்டிலும் தேதி தாண்டிப் பத்தொன்பது நாள். ஆறரைக்கு எங்கள் வீட்டில் அன்பிய செபம், தெருவிலுள்ள கோயில் குடும்பங்கள் முறைவைத்து வீடு வீடாகக் கூடுவது. தெருவில் பதினெட்டு வீடு, பிள்ளைகளோடு நாற்பது பேராவது வருவார்கள், செபம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் பாயசம் என்று அம்மா போன ஞாயிறே கோயில் வாசலில் சொல்லிவிட்டாள். எங்கள் முறை வருவதே வருடத்துக்கு ஒரு தடவை. இதற்காக விழுப்புரம் லேபில் அரைநாள் லீவு கேட்டு, திண்டிவனம் வரை பஸ்சில் நின்றுகொண்டே வந்து, இப்போது இதை... தட்டில் கொட்டிப் பார்த்தேன். பூச்சி இல்லை, நூல் கட்டவில்லை, சிக்கு வாடை இல்லை. மைக்ரோபயாலஜி படித்தவளுக்குத் தெரியாதா, அந்தத் தேதி ருசிக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு, மறுநாளே விஷமாகிவிடாது, ஈரமில்லாத பண்டத்தில் கிருமி பெருகாது, வறுத்துப் பாலில் கொதிக்க வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆகாதுதான். பிறகு ஏன் கடாயில் போடக் கை வரவில்லை?

கலையரசி அம்மா வீட்டுச் சேமியா, அதனால். என் அம்மா பதினாறு வருடமாக வேலை செய்யும் வீடு. தேதி இருக்கும்வரை அவர்களுக்கு, போன பிறகு எங்களுக்கு. தேதிக்கு ஒரு நாள் முன்னால் கொடுத்தால் என்ன? ஒரே ஒரு நாள்? திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிவரப் போன நானும் அங்கே நின்றேன், அந்தம்மா பாக்கெட்டை நீட்டி, “இருதயமேரி, இத எடுத்துக்கினு போ, எங்க பேத்திக்கு ஒத்துக்காது, ஒங்களுக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அதான் சயின்டிஸ்ட் வச்சிருக்கியே வீட்டுல, அது பாத்துச் சொல்லிடும்.” எங்களுக்கு மட்டும் வேறு குடலா, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? “சரிங்க ஆன்ட்டி.” இரண்டே வார்த்தை, அதையும் தரையைப் பார்த்து... நாலு நாளாகத் தூக்கமில்லை. இப்போது அதையே நாற்பது பேருக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும், எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா தன் கைக்குழந்தை நாக்கில் ஒரு சொட்டு வைப்பாள், படிச்ச பொண்ணு செஞ்ச பாயசம் என்பாள். முக்குக் கடையில் புதுசு கிடைக்கும், ஓடிப்போய் வாங்கி வந்துவிடலாம், இதை... இதைக் குப்பையில் கூட இல்லை, அந்த வீட்டு கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

கழுவிய டம்ளர்களோடு அம்மா உள்ளே வந்தாள். “இன்னாடி அமலா, இன்னும் வறுக்கல? ஜல்தி ஆவட்டும்.”

“தேதி போயிடுச்சும்மா.”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் எடுத்துக்கினு வந்தியா? நாய்க்குப் போடறாப்ல போடறாங்க, நீயும் ஏந்திக்கினு வர்ற.” என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அம்மா டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். “அவங்க எங்கடி குடுக்கறாங்க? அந்த வூட்டு ஷெல்பு அடுக்கறது யாரு? புதுசு வந்தா முன்னால வப்பேன், பழச பின்னால தள்ளிடுவேன். கண்ணுல பட்டாதான செய்வாங்க? தேதி போனதும் நானே எடுத்தாந்து, ‘ஐயோ, இது வீணாப்பூடுச்சே’ம்பேன். இந்த மாசம் நம்ம மொறைன்னு தெரியும், ஆறு மாசம் முன்னியே தள்ளிட்டேன். பேஜாரு பண்ணாம வறு.”

நெய் காய்ந்து புகைந்தது, சேமியாவைக் கடாயில் கொட்டிவிட்டேன், கிளறுகிறேன். அலமாரியில் முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்று இரண்டாம் வருடப் பாடத்தில் இருந்தது, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன்... கோபம் குறையவில்லை, நெஞ்சில் அப்படியே நிற்கிறது, போக இடம் தெரியாமல். பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதத்தில் வந்த சத்துமாவு டப்பா, தம்பி கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வந்த முந்திரி, நான் காலேஜில் சேர்ந்த அன்று காலையில் கேசரி. எல்லாம் எப்படியோ அந்தந்த நேரத்துக்கு வந்ததாக நினைத்திருந்தேன். அந்த ரவையை எந்த மாதம் பின்னால் தள்ளியிருப்பாள்? நான் இன்னும் காலேஜுக்கு அப்ளிகேஷனே போடாத மாதத்திலா?